கூட்டமாக நீந்தும் கடல் மீன்: வீட்டுத் தொட்டிக்கு எதை எடுப்பது, எத்தனை எடுப்பது

கடைத் தொட்டியில் ஐம்பது பச்சை குரோமிஸ் ஒரே நேரத்தில் திரும்பி மின்னுவதைப் பார்த்துவிட்டு, ஆறு மீனை வாங்கி வருவார்கள். முதல் வாரம் கூட்டமாகவே திரியும். இரண்டாம் மாதம் ஐந்தாகும், பிறகு மூன்றாகும். வருஷம் திரும்பும்போது கொழுத்த ஒற்றை மீன் மட்டும் தொட்டியை ஆண்டுகொண்டிருக்கும். தண்ணீரைச் சோதித்தால் எல்லா அளவும் சரியாகவே இருக்கும். தேர்வில்தான் கோளாறு.

கடலில் சின்ன மீன்கள் கூட்டம் சேர்வது பெரும்பாலும் பயத்தினால். பாரையும் சீலாவும் சுற்றிவருகிற இடத்தில் தனித்து நிற்கும் மீன்தான் முதலில் இரையாகும். தொட்டிக்குள் பாரை கிடையாது. இரண்டு மூன்று வாரத்தில் பயம் தெளிந்ததும் அடுத்த கவலை தொடங்கும்: இந்தக் கல் யாருக்கு, முதல் தீனி யாருக்கு, பெட்டை யாருக்கு. கடையில் இந்தச் சண்டை கண்ணில் படாததற்குக் காரணம் நெரிசல். கந்த சஷ்டி அன்று திருச்செந்தூர் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்பவர்கள் சீட்டுக்குச் சண்டை போடுவதில்லை. ஆறு பேருக்கு நாலு சீட் இருக்கும்போதுதான் தகராறு.

ஆகவே ஒரு மீனை வாங்குமுன், அது கடலில் எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆணும் பல பெட்டைகளுமா, ஜோடியா, இல்லை யாருக்கும் பெரிய உரிமையில்லாத கும்பலா? எத்தனை வாங்குவது, எந்த அளவில் வாங்குவது, எந்த வரிசையில் விடுவது என்ற மூன்றுக்கும் பதில் அதில் இருக்கிறது.

தொட்டியின் நீளம்

கூட்ட மீனுக்கு உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். நம் பக்கத்தில் அடிக்கணக்கில்தான் தொட்டி செய்யச் சொல்கிறோம். 3×1.5×1.5 அடி என்றால் ஏறத்தாழ 190 லிட்டர், 4×1.5×1.5 என்றால் 255, 4×2×2 என்றால் 450, 5×2×2 என்றால் 565. கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் இதில் எண்பது சதவீதம்தான் தண்ணீர் நிற்கும். 450 லிட்டர் தொட்டி கண்ணாடி, ஸ்டாண்டோடு சேர்த்து அரை டன்னைத் தாண்டும். பழைய வீட்டின் மச்சில் வைக்க நினைப்பவர்கள் முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுவது நல்லது. கீழே தார்சாவில் வெயில் படாத சுவரோரம் அதைவிட நல்லது.

எந்த மீன் எப்படி என்று பிறகு சொல்கிறோம், முதலில் நீளக் கணக்கு. 3 அடித் தொட்டியில் சின்ன கார்டினல் மீன் கூட்டம் மட்டும் வைக்கலாம். 4×1.5 தொட்டியில் பைஜாமா கார்டினல் ஐந்தாறு வைக்கலாம். ஆந்தியாஸ் வேண்டுமென்றால் 4×2×2 குறைந்தபட்சம். குரோமிஸ் கூட்டமாகவே நீடிக்க வேண்டும் என்றால் 5 அடிக்குக் கீழே யோசிக்க வேண்டாம்.

கல்லை அடுக்கும்போது பின்சுவர் முழுக்கக் குவித்து வைக்காதீர்கள். இரண்டு தனிக் குன்றுகளாக வைத்து, நடுவிலும் முன்பக்கமும் நீள ஓடுபாதை விடுங்கள். அலைப் பம்பை நீளவாக்கில் வீசும்படி ஒரு மூலையில் மாட்டினால் மீன்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஒரே முகமாக நிற்கும். கூட்டமாக நீந்தும் தோற்றத்தில் பாதி இந்த ஓட்டத்தால்தான் வருகிறது. மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 15 முதல் 20 மடங்கு ஓட்டம் குரோமிஸுக்கும் ஆந்தியாஸுக்கும் சரி. கார்டினலுக்கு அதில் பாதி போதும்.

கல் என்றதும் கடற்கரையில் கிடக்கும் முருகைக்கல்லை எடுத்து வர ஆசை வரும். கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கடற்குதிரையும் கடல் அட்டையும் அப்படித்தான். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே மீன் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுவருவதும் குற்றம். கடைகளில் கிடைக்கும் செராமிக் கல்லே போதும்.

எந்த மீன்

முதல் கூட்டத்துக்கு எங்கள் பரிந்துரை பைஜாமா கார்டினல். மஞ்சள் முகம், இடுப்பில் கறுப்புப் பட்டை, பின்பாதி முழுக்கச் செம்புள்ளி, சிவந்த கண் என்று யாரோ விளையாட்டாக மூன்று மீனை ஒட்டவைத்தது போலிருக்கும். 8 செ.மீ. வரை வளரும். பகலில் ஒரு கல் நிழலில் எல்லாம் சேர்ந்து அசையாமல் மிதக்கும். பாய்ந்து திரியும் மீன் வேண்டும் என்பவர்களுக்கு இது சலிக்கலாம். ஆனால் ஐந்து மீன் வாங்கினால் மூன்று வருஷம் கழித்தும் ஐந்தைப் பார்க்க நல்ல வாய்ப்புள்ள கூட்ட மீன்கள் மிகக் குறைவு. இது அதில் ஒன்று. சின்ன உரசல் இருக்கும், உயிர் போகிற அளவுக்குப் போகாது. இரவு மேயும் இனம் என்பதால், விளக்கை மங்கலாக்கியபின் ஒரு வேளைத் தீனி போட வேண்டும். வாய் பெரிது, சின்ன அலங்கார இறாலை இதோடு விட்டால் காலையில் கணக்குக் குறையும்.

அதே குடும்பத்தில் த்ரெட்ஃபின் கார்டினல் உடம்பு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். கண்ணில் நீலக் கோடு, அளவு 6 செ.மீ. இது மெய்யாகவே கூட்டத்தை விட்டுப் பிரியாது. ஏழுக்குக் குறைவாக வாங்கினால் மிரண்டு ஒளிந்தே கிடக்கும். பத்து இருந்தால் 3 அடித் தொட்டிகூட நிறைந்து தெரியும். தோல் மெல்லியது, வலையில் அள்ளினால் செதில் உரியும். குவளையில் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள். முரட்டு மீன் எதுவும் இதோடு கூடாது.

பாங்கை கார்டினலைக் கடையில் கூட்ட மீன் என்றே விற்பார்கள். கறுப்புப் பட்டை, வெள்ளிப் புள்ளி, நீண்ட செட்டை, நல்ல அழகு. இந்தோனேசியாவில் சுலவேசியை ஒட்டிய பாங்கை தீவுக்கூட்டத்துக்கு மட்டுமே உரிய மீன் இது. பிடித்துப் பிடித்தே அருகி, 2007-இல் அழியும் நிலையிலுள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது எட்டுப் பத்து சேர்ந்து நிற்கும். வளர்ந்ததும் அவற்றில் இரண்டு மட்டும் ஜோடியாகும். ஜோடி சேர்ந்த அன்றைக்கே மற்றதெல்லாம் எதிரி. இரண்டே மீன் வாங்குவதுதான் சரி, அதுவும் பண்ணையில் பொரித்ததாக இருக்க வேண்டும். ஆண் மீன் முட்டையை வாயில் அடைகாத்து, பொரித்த குஞ்சையும் சில நாள் வாயிலேயே வைத்திருக்கும். ஆண் வாரக்கணக்கில் சாப்பிடாமல் தாடை வீங்கித் திரிந்தால் நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

லயர்டெய்ல் ஆந்தியாஸ்தான் கூட்ட மீன்களில் ராஜா. பெட்டை தங்க ஆரஞ்சு, கண்ணுக்குக் கீழே ஊதாக் கீற்று. ஆண் செவ்வூதா, முதுகுச் செட்டையில் மூன்றாவது முள் கொடிபோல் நீண்டிருக்கும். எல்லாம் பெட்டையாகவே வாழ்க்கையைத் தொடங்கும்; கூட்டத்தின் ஆண் செத்தால் மூத்த பெட்டை சில வாரங்களில் ஆணாகிவிடும். அதனால் ஆணையே வாங்காமல் ஐந்து பெட்டைகளை வாங்கலாம். அவற்றில் பெரியது தானே பொறுப்பேற்கும். இப்படி உருவான ஆண், வெளியிலிருந்து வந்த ஆணைவிடக் கூட்டத்தோடு இணக்கமாக இருக்கிறது. ஆணும் வேண்டும் என்றால் பெட்டைகளை முதலில் விட்டு, அவை தீனி எடுத்து நிலைத்தபின் ஆணை விடுங்கள். ஓர் ஆணுக்கு நாலு பெட்டைக்குக் குறையக் கூடாது. ஒன்றிரண்டு பெட்டை மட்டும் இருந்தால் ஆணின் துரத்தல் முழுவதும் அவற்றின் மேல் விழும். அவை தீனிக்கு வர முடியாமல் மெலிந்து சாகும்.

ஆந்தியாஸின் உண்மையான விலை தீனியில் இருக்கிறது. கடலில் பகல் முழுக்க ஓட்டத்தில் வரும் மிதவை உயிர்களைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். வயிறு சின்னது, செலவு பெரிது. நாளுக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காலை ஒன்பதுக்குப் பூட்டிவிட்டு இரவு ஏழுக்குத் திறக்கும் வீட்டில் ஆட்டோ ஃபீடர் இல்லாமல் இதை வளர்க்க முடியாது. லயர்டெய்ல் சீக்கிரம் குருணைத் தீனிக்குப் பழகும். டிஸ்பார் ஆந்தியாஸ் சாதுவானது, சிறியது, ஆனால் பழக்க நாளாகும். டூக்கா, எவன்சை போன்றவை நிழற்படத்தில் அழகு. வீட்டில் பட்டினியில் சாகும் மீன்கள். புதியவர்கள் கையில் எடுக்க வேண்டாம்.

இனி பச்சை குரோமிஸ். மலிவு, எங்கும் கிடைக்கும், எதையும் தின்னும். குறைகள் இரண்டு. ஒன்று, மேலே சொன்ன படிநிலைச் சண்டை: பலசாலி, கடைசி ஆளைக் குறிவைத்து ஒதுக்கும்; அது செத்ததும் அடுத்த கடைசி ஆள். இதை நிறுத்த உறுதியான வழி இல்லை, தள்ளிப்போட வழி உண்டு. 5, 6 அடித் தொட்டியில் பன்னிரண்டுக்கு மேல், எல்லாம் 3 செ.மீ. அளவுக் குஞ்சுகளாக, ஒரே நாளில் விடுங்கள். எண்ணிக்கை கூடும்போது அடி பலர் மேல் பங்கிடப்படும். ஒற்றைப்படையாக வாங்கினால் சண்டை வராது என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். ஒற்றையா இரட்டையா என்று மீன் பார்ப்பதில்லை. இரண்டாவது குறை, யூரோனிமா என்ற ஒட்டுண்ணி. அதைப் பிறகு பார்ப்போம். மார்புச் செட்டையின் அடியில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது வேறு இனம். ஏறத்தாழ இதே நிறம், 12 செ.மீ. வரை போகும். கடையில் இரண்டும் கலந்தே வரும். பிரித்து ஒரே இனமாக எடுங்கள்.

டாம்சல் வகைகளில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டதும், வெள்ளைப் புள்ளி வைத்த கறுப்பும் குஞ்சில் ஒரே கல்லைச் சுற்றிக் கொஞ்சிக்கொண்டு நிற்கும். வளர்ந்தபின் சுத்தம் செய்யக் கையை விட்டால் கையையே கடிக்கும். வேண்டாம். கோமாளி மீன் கூட்ட மீன் அல்ல, ஜோடி மீன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் குஞ்சு பொரிப்புத் தொழில்நுட்பம் உருவாக்கியிருப்பதால் பண்ணைக் குஞ்சு கேட்டு வாங்கலாம், இரண்டோடு நிறுத்துங்கள். ஃபயர்ஃபிஷும் ஜோடிதான், மூடியில்லாத் தொட்டியில் தரையில் கிடக்கும். டோரி என்று குழந்தைகள் கேட்கும் நீல டாங் ஓர் அடி வரை வளரும்; கூட்டமாக வைப்பது வீட்டில் நடக்காத காரியம்.

கோடு போட்ட கடல் கெளுத்திக் குஞ்சுகள் பந்துபோல் உருண்டு வருவதைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். முதுகிலும் இரு பக்கத்திலும் விஷமுள் உண்டு, 30 செ.மீ. வரை வளரும், வளர்ந்ததும் பந்து கலைந்துவிடும். குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சரிப்படாது.

பெரிய தொட்டி இருப்பவர்கள் சில்வர் மூனியை யோசிக்கலாம். வெள்ளித் தட்டுபோல் உடம்பு, கழிமுகத்திலும் கடலிலும் வாழும், உப்பு ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். ஆயுள் முழுக்கக் கூட்டமாகவே ஓடும். ஆனால் 25 செ.மீ. வரை வளர்கிற மீன். ஐந்து மூனிக்கு 6 அடித் தொட்டியாவது வேண்டும். வாய்க்குள் அடங்கும் எந்த மீனும் கூட இருக்கக் கூடாது.

தண்ணீர், உப்பு, வெயில்

உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, பி.எச். 8.1 முதல் 8.4, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் 20 பி.பி.எம்.-க்குள் (பி.பி.எம். என்பது ஏறத்தாழ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்). கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்வதற்காக, மீனே இல்லாமல் அமோனியாவை 2 பி.பி.எம். வரை ஏற்றி, அது ஒரே நாளில் சுழியத்துக்கு இறங்கும் நிலை வரும்வரை, பொதுவாக நாலு முதல் ஆறு வாரம், தொட்டியை ஓட்டிய பிறகே மீன். கூட்ட மீன் மொத்தமாக ஒரே நாளில் உள்ளே போவதால் இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் மொத்தமாகவே போய்விடும்.

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி உப்பளம் ஐம்பது கிலோமீட்டரில் இருக்க, விலை கொடுத்து உப்பு வாங்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. அளத்து உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். உப்பு படிந்தபின் வடிக்கும் கசப்பு நீரோடு மக்னீசியமும் பிறவும் போய்விடும். கால்சியம் அதற்கு முந்தின பாத்தியிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும். தொட்டிக்கு அது ஆகாது. கலவை உப்பு லிட்டருக்கு 35 முதல் 38 கிராம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக் கரைத்து, 24 மணி நேரம் பம்ப் ஓட்டிவிட்டு அளந்து பாருங்கள்.

கடல்நீரே எடுப்பது உவரி, இடிந்தகரைப் பக்கம் போய்வருபவர்களுக்கு நல்ல வழி. துறைமுகம், ஆலைக் கழிவு, படகுத்துறை, ஆற்று முகம் இவற்றை விட்டு விலகி எடுங்கள். தாமிரபரணி கலக்கும் புன்னைக்காயல் பக்கம் உப்பு குறைவாகவும் கலங்கலாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சில வாரம் எடுக்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் அடர்த்தி பார்த்துப் பயன்படுத்துங்கள்.

கரைக்கும் தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். ஆற்றுக் குடிநீரில் குளோரின் இருக்கும், போர் தண்ணீரில் கடினத்தன்மை இருக்கும். அடுக்களை ஆர்.ஓ.விலிருந்து பிடிப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) கூட்டும் திருகுக் குமிழை முழுதாக மூடியிருக்க வேண்டும். மீட்டரில் 10-ஐ ஒட்டி வந்தால் நல்லது. காப்பர் சேர்க்கும் மாடலாக இருந்தால் அந்த நீர் கடல் தொட்டிக்கு ஆகவே ஆகாது. நத்தையும் இறாலும் செத்துவிடும்.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் 6.2 தான். அதே நேரத்தில் மீனின் மூச்சுத் தேவை கூடும். எப்போதும் நீந்தும் ஆந்தியாஸ்தான் முதலில் மேலே வந்து வாய் பிளக்கும். தண்ணீர்ப் பரப்பில் இரண்டு சின்ன ஃபேன் வைத்தால் 2 முதல் 4 டிகிரி குறையும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழி வரும் காற்றில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். குறைவது ஆவியாதலால் என்பதை மறக்கக் கூடாது. 250 லிட்டரில் நாளுக்கு 5 லிட்டர் ஆவியானால் மூன்று நாளில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 37-ஐத் தாண்டும். இழந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல. வெயில் காலத்தில் ஃபேன் போட்டும் 29-ஐ விட்டு இறங்காத அறையென்றால் ஆந்தியாஸுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குங்கள், இல்லையென்றால் கார்டினலோடு நின்றுகொள்ளுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் காலையிலிருந்து பிற்பகல் வரை பம்ப் நின்றால் கூட்டத் தொட்டி தாங்காது. வீட்டு இன்வர்ட்டரில் 20 வாட் அலைப் பம்பு ஒன்றை மட்டும் இணைத்துவிட்டால் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். 2023 டிசம்பர் வெள்ளம் போல நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போகும் சமயத்துக்குப் பேட்டரி ஏர் பம்பு ஒன்று தனியே இருக்கட்டும். மின்சாரம் வரும்வரை தீனியைக் குறைத்துவிடுங்கள்.

கடையில் பத்து நிமிஷம்

அண்ணாச்சியிடம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். தீனிக்கு வராத மீனை, எவ்வளவு விலை குறைத்தாலும், எடுக்கக் கூடாது. வந்து வாயில் வாங்கித் துப்புவதும் வராததுதான். பிறகு தலைக்குப் பின்னால் முதுகுச் சதையைப் பாருங்கள்: அங்கே குழி விழுந்த மீன் பட்டினியின் கடைசிப் படியில் இருக்கிறது, வீட்டில் தேற்ற முடியாது. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் செவுள் அடித்தால் செவுளில் ஏதோ இருக்கிறது. குரோமிஸின் பக்கவாட்டில் செதில் கலைந்து இளஞ்சிவப்புக் கீறலோ சிவந்த திட்டோ ஒரு மீனில் தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்தே எதையும் வாங்காதீர்கள். ஆந்தியாஸ் தலைகீழாகவோ வால் மேலே தூக்கியோ நீந்தினால் ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்ததில் காற்றுப்பை கெட்டிருக்கிறது.

வந்து இறங்கிய அன்றே வாங்குவதைவிட, முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்வது மேல். போக்குவரத்தில் அடிபட்டவை அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கடைத் தண்ணீரின் அடர்த்தியையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல கடைகளில் 1.018, 1.020 என்று குறைத்தே வைத்திருப்பார்கள்.

தனித்தொட்டி

புது மீனைப் பெரிய தொட்டியில் விடுமுன் நோய் நீக்கப் பிரித்து வைக்கும் தொட்டி இது. 2×1×1 அடி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள், மூடி. மணலும் கல்லும் வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சும். ஸ்பாஞ்சை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியின் சம்ப்பில் (அதன் வடிகட்டித் தொட்டியில்) போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். ஐம்பது லிட்டருக்கு ஆறு சின்ன மீனுக்கு மேல் போடாதீர்கள். கூட்டம் பெரிதானால் தொட்டியும் பெரிதாக இருக்கட்டும்.

சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து இரவுப் பஸ்ஸில் வரும் பைக்குள் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக் கழிவு இருக்கும். பை மூடியிருக்கும்வரை கரியமில வாயுவால் பி.எச். குறைந்து, அமோனியா அவ்வளவு விஷமில்லாத வடிவில் இருக்கும். திறந்ததும் பி.எச். ஏறி அதே அமோனியா விஷமாகும். அதனால் நீண்ட பயணம் வந்த பையைத் திறந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது கெடுதல். தனித்தொட்டியின் அடர்த்தியைப் பையின் அடர்த்திக்கே முன்கூட்டிச் சரிசெய்து, மூடிய பையை 20 நிமிஷம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள். பிறகு நாளுக்கு 0.002-க்கு மேல் போகாமல் 1.025-க்கு ஏற்றலாம்.

வெண்புள்ளி, வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய்களைத் தடுக்க, செலேட் செய்த காப்பர் மருந்தை மூன்று நாலு நாளில் படிப்படியாக 2.0 முதல் 2.5 பி.பி.எம். வரை ஏற்றி, முப்பது நாள் இறங்காமல் வைக்க வேண்டும். அந்த வகைக் காப்பரை அளக்கும் கிட் கட்டாயம். 1.5-இல் நின்றால் நோய் போகாது, மீன் மட்டும் வாடும். அமோனியாவை அடக்கும் கண்டிஷனரைக் காப்பரோடு சேர்த்தால் காப்பர் கொல்லும் வடிவத்துக்கு மாறிவிடும். அமோனியா ஏறினால் அதே அளவு காப்பர் கலந்த புதுத் தண்ணீரால் மாற்றுங்கள். இந்த வேலையைச் சோம்பலில் விட்டு, வெண்புள்ளி பெரிய தொட்டிக்குப் போய்விட்டால் எல்லா மீனையும் பிடித்து வெளியேற்றி, 76 நாள் தொட்டியை மீனில்லாமல் போட வேண்டிவரும்.

குரோமிஸின் யூரோனிமா காப்பருக்கு அடங்காது. மீன் இல்லாமலும் அழுக்கிலேயே வாழும். சிவந்த திட்டு வெளியே தெரியும்போது உள்ளே சதைவரை போயிருக்கும். அந்த மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. உடனே பிரித்துவிட்டு, மீதிக்கு மெட்ரோனிடசோல் கலந்த தீனி கொடுத்து, அடியில் தங்கும் எச்சத்தைத் தினமும் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தொட்ட வலையையும் வாளியையும் வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் அடுத்த தொட்டிக்கு எடுக்க வேண்டும்.

பெரிய தொட்டியில் விடுவதும் தீனியும்

கூட்ட மீனை முதலில் விட வேண்டும். டாட்டிபேக், டாங் போன்ற எல்லை பிடிக்கும் மீன்கள் பிறகு. மொத்தக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில், விளக்கை அணைத்தபின் விடுங்கள். தொட்டிக்கு மேல் 6 மி.மீ. கண்ணி வலைமூடி. முதல் இரண்டு நாள் மூலையில் பதுங்கினால் கவலை வேண்டாம், மூன்றாம் நாளும் தீனிக்கு வராவிட்டால்தான் கவலை.

கூட்டம் கலையாமல் இருக்கக் கொஞ்சம் பயம் வேண்டும் என்று மேலே சொன்னதிலிருந்து ஒரு உபாயம் வருகிறது. சாதுவான, ஆனால் உருவத்தில் பெரிய மீன் ஒன்று அவ்வப்போது கடந்துபோனால் சின்னவை நெருங்கி நிற்கும். 5 அடித் தொட்டியில் ஃபாக்ஸ்ஃபேஸ் இதற்கு நன்றாகப் பொருந்தும். நம் கரையில் கிடைக்கும் ஓராவின் உறவு, பாசி தின்னும், சண்டைக்குப் போகாது. அதன் முள்ளிலும் விஷம் உண்டு. தொட்டிக்குள் கைவிடும்போது அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தீனிக்கு உறைந்த மைசிஸ், ஆர்ட்டீமியா (இரண்டும் இறால் போன்ற சிற்றுயிர்கள்), அரை முதல் ஒரு மி.மீ. குருணை. சந்தையில் வாங்கும் பச்சைக் கடல் இறாலை ஓடு நீக்கிக் கழுவி, துருவி, மெல்லிய தகடாக உறையவைத்தால் ஒரு மாதத் தீனி. கருவாட்டுக் கடைக் கூனி இறால் உப்பேறியது, வேண்டாம். உறைந்ததைத் தொட்டி நீரிலேயே கரைத்து, வடிகட்டி, ஓட்டம் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் பலசாலி மட்டும் தின்னும். ஓட்டத்தில் பரவினால் கடைசி ஆளுக்கும் ஒரு வாய் கிடைக்கும். குரோமிஸுக்கு மூன்று வேளை, கார்டினலுக்கு இரண்டு. இத்தனை தீனிக்கு ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) இல்லாமல் முடியாது. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சண்டை தொடங்கினால்

தினமும் தீனி நேரத்தில் தலையை எண்ணுங்கள். மேல்மூலையில் ஒட்டி நிற்பது, வால் கிழிந்திருப்பது, நிறம் மங்கியிருப்பது, தீனி வந்தும் நகராதது: இதில் ஒன்று தெரிந்தால் அந்த மீனுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. ஒதுக்கப்பட்டதை உடனே தனித்தொட்டியில் தேற்றுங்கள். அடிக்கும் தலைவனையும் பிடித்து, துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அதே தொட்டிக்குள் ஒரு வாரம் மாட்டிவையுங்கள். அவன் இல்லாத ஒரு வாரத்தில் படிநிலை மாறும். திரும்ப விடும்போது புதியவன்போல் அடங்கி நுழைவான். எப்போதும் பலிப்பதில்லை, பலிக்கும்போது பல மாதம் தாங்கும். ஆந்தியாஸில் இரண்டாவது பெட்டை ஆணாக நிறம் மாறத் தொடங்கினால் பேச்சுக்கே இடமில்லை, ஒன்றை வேறு தொட்டிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பிடிக்க வலையோடு துரத்தினால் கல் அடுக்கே சரியும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்து இறக்குங்கள். முதல் நாள் எதுவும் போகாது. இரண்டு நாள் அங்கேயே தீனி வைத்தால் அடிக்கிற மீன்தான் முதலில் நுழையும், தீனியில் முந்துவதும் அதுதானே.

கூட்டம் பாதியாகக் குறைந்தபின் ஈடுகட்ட ஒன்றிரண்டு மீனை மட்டும் வாங்கி விட்டால் அவை ஒரு வாரம் தாங்காது. குறைந்தது மூன்று நாலு மீனைச் சேர்த்து வாங்கி, தனித்தொட்டியில் முழு முப்பது நாள் வைத்து, பழைய மீன்களின் அளவுக்கு அவை வளர்ந்தபின், கல்லை இடம் மாற்றி அடுக்கிய அன்று இரவு விடுங்கள். த்ரெட்ஃபினும் பைஜாமாவும் இதை ஏற்றுக்கொள்ளும். ஆந்தியாஸில் ஆணைவிடச் சின்னப் பெட்டைகளாக மட்டும் சேர்க்கலாம். ஓரிரு குரோமிஸ் மட்டும் எஞ்சிய தொட்டியில் அவற்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கார்டினலோடு தொடங்குவதுதான் மிச்சம்.